கருங்கல்லைத் தூக்கும் காற்று!

பொத்தானை அழுத்தினால் போதும். கால் டன் பலகை மேலே எழும்பும்

சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு மலை இருக்கிறது. சிறிய மலைதான். ஆனால் அந்த மலையின் கல் கல்கத்தா வரை போயிருக்கிறது!

கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் சமாதி உள்ளது. அவர் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அந்தச் சமாதியில் பதித்த கல், பல்லாவரத்துக் கல். பிற்காலத்தில் தாமஸ் ஹாலந்து என்ற நிலநூல் அறிஞர் அந்தக் கல்லை ஆராய்ந்தார். சார்னாக்கின் பெயரால் அந்த வகைக் கல்லுக்கு "சார்னகைட்" என்று பெயர் வைத்தார்.

சமாதியில் இருப்பவரின் பெயர் கல்லுக்குக் கிடைத்தது. கல்லைச் சுமந்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

அந்தக் காலத்தில் கடப்பாரை, கயிறு, மாட்டு வண்டி, மனிதனின் தோள் இவைதான் துணை. இன்று பல்லாவரம், 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. பெருங்களத்தூர், மேடவாக்கம் என்று எங்கு பார்த்தாலும் அடுக்கு மாடி வீடுகள். ஆனால் லாரியில் வரும் கல் பலகையை இன்னும் பல இடங்களில் மனிதனின் தோள்தான் இறக்குகிறது.

எவ்வளவு கனம்?

சமையல் மேடைக்குப் போடும் கிரானைட் பலகையைப் பாருங்கள். 10 அடி நீளம், 2 அடி அகலம், முக்கால் அங்குலக் கனம். எடை 90 கிலோவுக்கு மேல்! அறுக்காத முழுப் பலகை என்றால் கால் டன்னைத் தாண்டிவிடும்.

ஒருவர் எவ்வளவு தூக்கலாம்? கட்டடத் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு 1998-ல் வகுத்த விதிகளில் இதற்கு அளவு சொல்லப்பட்டது. ஆணுக்கு 55 கிலோ. பெண்ணுக்கு 30 கிலோ. அதற்கு மேல் தூக்கச் சொல்லக் கூடாது.

சமையல் மேடைப் பலகையை நாலு பேர் சேர்ந்து தூக்கினால் கணக்கு சரியாக வரும். ஆனால் ஒருவரின் கால் வழுக்கினால்? அவருடைய பாரமும் மற்ற மூவர் மேல் விழும். கல் உடையும், காலும் உடையும். இடுப்பு பிடித்துக்கொண்டால் அந்தக் குடும்பத்தில் அடுப்பு எரிவதே கஷ்டம்.

இந்தத் துன்பத்துக்கு மாற்றாக வந்ததுதான் வெற்றிடத் தூக்கி.

டம்ளர் வித்தை

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இந்த வித்தை உங்கள் வீட்டுக் குழந்தைக்கே தெரியும்!

குழந்தை காலி டம்ளரை வாயில் கவிழ்த்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சும். கையை எடுத்த பிறகும் டம்ளர் விழாது. உதட்டோடு ஒட்டிக்கொண்டு தொங்கும். ஏன்? உள்ளே காற்று குறைந்துவிட்டது. வெளியே இருக்கும் காற்று டம்ளரை அழுத்திப் பிடிக்கிறது.

காற்றுக்கு அவ்வளவு பலமா? ஆம்! ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் சுமார் ஒரு கிலோ அளவுக்குக் காற்று அழுத்துகிறது. உள்ளங்கை அளவு இடத்தில் சுமார் 100 கிலோ! எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்துவதால் நமக்குத் தெரிவதில்லை.

ஜெர்மனியில் மாக்டபர்க் நகரத் தலைவராக இருந்த ஆட்டோ வான் குவெரிக் இதை 1650-களில் ஊரறியக் காட்டினார். இரண்டு அரை உருண்டைச் செம்புப் பாத்திரங்களை வாயோடு வாய் சேர்த்தார். உள்ளே இருந்த காற்றைப் பம்பினால் எடுத்தார். இரு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுத்தார்கள். பாத்திரங்கள் பிரியவில்லை!

ரிமோட் பொத்தான்

வெற்றிடத் தூக்கியும் அப்படித்தான். கிரேன் கொக்கியில் ஒரு சட்டம் தொங்கும். அதன் அடியில் ரப்பர் விளிம்பு வைத்த கிண்ணங்கள் இருக்கும். கிண்ணம் கல்லின் மேல் உட்காரும். பம்பு காற்றை உறிஞ்சும். கல் ஒட்டிக்கொள்ளும். கிரேன் தூக்கும்.

ஒரு அடி அகலமுள்ள கிண்ணத்தில் பாதிக்குச் சற்று அதிகமாகக் காற்றை எடுத்தாலே 400 கிலோவைப் பிடிக்கும் பலம் வரும். ஆனால் அவ்வளவும் தூக்க மாட்டார்கள். பாதுகாப்புக்காகப் பாதி எடைதான் தூக்குவார்கள். பலகையை நிமிர்த்திப் பிடித்தால் சறுக்கப் பார்க்கும். அப்போது இன்னும் குறைவாகத்தான் தூக்க வேண்டும்.

இயக்குபவர் எட்ட நின்று ரிமோட் பொத்தானை அழுத்துகிறார். கல்லுக்குப் பக்கத்தில் கால் வைக்க வேண்டியதில்லை. கை தவறிப் பட்டுக் கல் விழுந்துவிடாதபடி, விடுவிப்பதற்கு இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தும் ஏற்பாடும் உண்டு.

தூசியே எதிரி

இந்தக் கருவிக்குப் பெரிய எதிரி தூசி. கல்லில் மண்ணோ கீறலோ இருந்தால் காற்று உள்ளே புகுந்துவிடும். துளைகள் நிறைந்த சிமெண்டுக் கல்லிலும் காற்று கசியும். அதற்குப் பம்பு விடாமல் ஓட வேண்டும்.

மின்சாரம் நின்றால்? பிடி உடனே விடாமல் இருக்கச் சேமிப்புத் தொட்டி உண்டு. காற்று புகுந்தால் எச்சரிக்கை மணி அடிக்கும். இருந்தாலும் தொங்கும் கல்லுக்கு அடியில் யாரும் நிற்கக் கூடாது. இது மாறாத விதி!

வேலை போகுமா?

கருவி வந்தால் கூலி போய்விடுமே என்ற கவலை தொழிலாளிக்கு உண்டு. அது நியாயமான கவலைதான். நாலு பேர் தூக்கிய கல்லை நகர்த்த இரண்டு பேர் போதும். ஆனால் கல்லைத் துடைக்க, கிண்ணத்தைச் சரியாகப் பொருத்த, மட்டம் பார்த்துப் பதிக்க, பழகிய கைதான் வேண்டும். சுமந்தவருக்கே கருவியை ஓட்டக் கற்றுக் கொடுத்தால் தோளும் தப்பும், கூலியும் தப்பும்.

வீடு கட்டுகிறவர்கள் கல்லின் நிறத்தைக் கேட்கிறார்கள், விலையைக் கேட்கிறார்கள். "இதை எப்படி இறக்குவீர்கள்?" என்று இன்னும் ஒரு கேள்வி கேட்கலாம். அந்த ஒரு கேள்வி ஒரு குடும்பத்தைக் காப்பாற்றக்கூடும்.