‘யங் ஜென்டில்மென்’ என்று கூப்பிட்ட கல்லூரி

ஆண்கள் கல்லூரி மரபுன்னா நமக்கு முதலில் ஞாபகம் வருவது ராகிங், விடுதிக் கலாட்டா, பட்டப்பெயர். அமெரிக்காவில் ஆண்கள் மட்டும் படிக்கும் கல்லூரிகளைப் பற்றி நான் குறிப்பெடுக்க ஆரம்பித்ததும் அந்த நினைப்போடுதான். யேல், பிரின்ஸ்டன் எல்லாம் ஒரு காலத்தில் ஆண்கள் கல்லூரிகள். 1969-இல்தான் இளங்கலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்தார்கள். இன்று மிஞ்சியிருப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று அட்லாண்டாவில் இருக்கும் மோர்ஹவுஸ். அதன் கதையைப் படித்ததும் என் நினைப்பு கொஞ்சம் மாறிவிட்டது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே வருடத்தில், 1867-இல், ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் ஒரு தேவாலயத்தில் தொடங்கிய பள்ளி இது. அடிமைத்தனத்திலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின ஆண்களுக்குப் போதகர், ஆசிரியர் வேலைக்கான பயிற்சி கொடுப்பது நோக்கம். 1879-இல் அட்லாண்டாவுக்கு வந்தது. மோர்ஹவுஸ் என்ற பெயர் 1913-இல் வந்தது.

அந்தக் காலத்துத் தென் மாநிலங்களில் ஒரு வெள்ளைக்காரர் கறுப்பின ஆணை எப்படிக் கூப்பிடுவார்? ‘பாய்’. பையா என்று அர்த்தம். எழுபது வயதுத் தாத்தாவாக இருந்தாலும் அதேதான், அதுவும் பேரன் பக்கத்தில் நிற்கும்போதே. ‘மிஸ்டர்’ என்ற மரியாதை கிடையாது.

இந்தச் சூழலில்தான் 1906-இல் ஜான் ஹோப் கல்லூரித் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். அவர் மாணவர்களை எப்போதும் ‘யங் ஜென்டில்மென்’ என்றுதான் அழைப்பாராம். 1923-இல் அங்கே பட்டம் பெற்ற ஹோவர்ட் தர்மன் இதைத் தன் சுயசரிதையில் நினைவுகூர்கிறார். கல்லூரி வாசலைத் தாண்டினால் ‘ஏய்’, உள்ளே வந்தால் கனவான். இரண்டு சொல்தானே என்று நமக்குத் தோன்றலாம். கேட்டவர்களுக்கு அது முதுகெலும்பாக இருந்திருக்கிறது.

இதைப் படித்த பிறகு அங்குள்ள மற்ற மரபுகளும் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. கோட்டு, டை, நிமிர்ந்த நடை, மேடைப்பேச்சுப் பயிற்சி எல்லாமே வெறும் படாடோபம் இல்லை. எங்களை ஆண்களாக, மனிதர்களாக மதியுங்கள் என்று கேட்கும் வழி அது. மாணவர்கள் கட்டாயமாக வந்து உட்காரவேண்டிய சேப்பல் கூட்டமும் அப்படித்தான். 1940 முதல் 1967 வரை தலைவராக இருந்த பெஞ்சமின் மேஸ் செவ்வாய்க்கிழமை காலைகளில் அங்கே பேசுவார். அவருடைய பெற்றோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அவர் இந்தியாவுக்கு வந்து காந்தியைச் சந்தித்தவரும்கூட.

அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டவர்களில் ஒருவர், 1944-இல் பதினைந்து வயதில் சேர்ந்த மார்ட்டின் லூதர் கிங். கேட்டதோடு விடமாட்டார், பேச்சு முடிந்ததும் மேஸிடம் போய் விவாதிப்பார். 1968-இல் கிங் கொல்லப்பட்டபோது அதே கல்லூரி வளாகத்தில் இரங்கல் உரை ஆற்றியவர் மேஸ்.

சரி, பெண்களே இல்லாத இடத்தில் சமூக வாழ்க்கை எப்படி? பக்கத்திலேயே ஸ்பெல்மன் பெண்கள் கல்லூரி இருக்கிறது, 1881-இல் தொடங்கியது. முதலாண்டு மாணவர்களுக்கு அங்கிருந்து ஒரு ‘சகோதரி’யை இணைத்துவிடும் வழக்கம் உண்டு. ஆண்டு விழாவுக்கு மோர்ஹவுஸ் தேர்ந்தெடுக்கும் ‘மிஸ் மெரூன் அண்ட் வொயிட்’ வழக்கமாக ஸ்பெல்மன் மாணவிதான். இரண்டு பெயரையும் சேர்த்து ‘ஸ்பெல்ஹவுஸ்’ என்றே சொல்கிறார்கள்.

இதுவரைக்கும் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘கனவான்’ என்று ஒரு வார்ப்பு இருந்தால், அதில் பொருந்தாதவன் என்ன ஆவான்?

2002-இல் விடுதிக் குளியலறையில் ஒரு மாணவர், இன்னொருவர் தன்னைத் தப்பாகப் பார்த்தார் என்று நினைத்து பேஸ்பால் மட்டையால் கடுமையாகத் தாக்கினார். 2009-இல் வந்த உடைக் கட்டுப்பாடு, இடுப்பை விட்டு இறங்கும் பேண்ட்டோடு சேர்த்துப் பெண்கள் உடையையும் தடைசெய்தது. ஆண் என்றால் இப்படித்தான் என்று கல்லூரியே கோடு போட்டது. உள்ளேயிருந்தே எதிர்ப்பு வந்தது. 2019-இல் இன்னொரு அறிவிப்பு: திருநம்பிகள் 2020 முதல் சேரலாம். அதே சமயம், படிக்கும்போது பெண்ணாக மாறுபவர் பொதுவாகத் தொடர முடியாது. கோடு நகர்ந்தது, அழியவில்லை.

எனக்கு இதில் ஜான் ஹோப்பைக் குறை சொல்லத் தோன்றவில்லை. வெளியே ‘பாய்’ என்ற அவமானம் காத்திருந்தபோது அந்தக் கோட்டும் டையும் மாணவர்களுக்குக் கவசம். ஆனால் அதே கவசத்தின் அளவுக்குள் அடங்காத சக மாணவனை வெளியே தள்ளும்போது, பழைய அவமானத்தை நாமே இன்னொருவனுக்குச் செய்கிறோம். நீ ஆண் இல்லை என்று வெளியிலிருந்து சொன்னால் என்ன, உள்ளேயிருந்து சொன்னால் என்ன, கேட்கிறவனுக்கு ஒன்றுதானே?

ஹோப் அந்த இரண்டு சொல்லைச் சொல்வதற்கு முன்னால் மாணவர்களிடம் எந்தத் தகுதியும் கேட்கவில்லை. எல்லோரையும் அப்படித்தான் கூப்பிட்டார். அந்த மரபில் காப்பாற்றவேண்டியது அதுதான் என்று தோன்றுகிறது.

ஸ்பெல்மன் பற்றியும் குறிப்புகள் சேர்ந்துவிட்டன. அது அடுத்து.