பாதிக் கதை சொல்லும் படங்கள்

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கற்பனைக்கு முதல் வித்து ஒரு சிகரெட் அட்டை. 1917இல் இங்கிலாந்தின் மைன்ஹெட்டில் பிறந்தவர் அவர். சிறுவனாக இருந்தபோது, சிகரெட் பெட்டிக்குள் இலவசமாக வந்த படமொன்றைத் தந்தை அவரிடம் கொடுத்தார். அதில் இருந்தது ஒரு டைனோசர். அன்றிலிருந்து பிள்ளை புதைபடிவங்களைத் தேடத் தொடங்கிவிட்டது. பிறகு ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ சஞ்சிகையின் 1928 நவம்பர் இதழ் கைக்கு வந்தது. ஃபிராங்க் ஆர். பால் வரைந்த அட்டையில் வியாழன் கோள் வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. 1989இல் வெளியிட்ட நினைவுநூலிலும் கிளார்க் அந்தப் படத்தை விடவில்லை.

1956இல் இலங்கையில் குடியேறிய அவர், 2008இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் மின்தூக்கியைப் பற்றிய அவருடைய ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவல் 1979இல் வந்தது. அதில் சீகிரியாவும் சிவனொளிபாதமலையும் வேறு பெயர்களில் உலவுகின்றன.

சிறுவன் கிளார்க்கைக் கனவு காணவைத்தன அந்தப் படங்கள். மாயாஜால விளையாட்டுகளுக்கு வரையும் ஓவியர்கள் செய்வதும் இதே வேலைதான். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் அமெரிக்காவில் வந்த விளையாட்டு. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயால் கதை சொல்லியே ஆடுவார்கள். அதன் 1978ஆம் ஆண்டு ஆட்டக்காரர் கையேட்டுக்கு டேவிட் டிராம்பியர் வரைந்த அட்டைப்படம் நிதானமாகப் பார்க்க வேண்டிய ஒன்று. பூதாகரமான அரக்கச் சிலை. அதன்மேல் ஏறிய இரு திருடர்கள் கண்ணில் பதித்த மணியைப் பெயர்க்கிறார்கள். கீழே சிலர் வரைபடத்தை விரித்து யோசிக்கிறார்கள். செத்துப்போன பல்லி மனிதர்களை வேறு சிலர் இழுத்துச் செல்கிறார்கள். சண்டை முடிந்துவிட்டது. மணி கழன்று விழுந்தால் என்ன ஆகும்? படம் வாய் திறக்காது. பதிலைப் பார்ப்பவரே தேடிக்கொள்ள வேண்டும். பகற்கனவு தொடங்குவது அங்கேதான்.

1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய ‘மேஜிக்: தி கேதரிங்’ சீட்டுகளில் ஓவியத்துக்குக் கிடைத்த இடம் ஏறக்குறைய ஒரு தீப்பெட்டி அளவு. அதற்குள் ஒரு காடு, ஒரு மலை, ஒரு பறவைநாகம். சட்டத்துக்கு வெளியே அந்தக் காடு எதுவரை நீள்கிறது என்பது சீட்டைப் பிடித்திருப்பவர் பாடு.

நம்மிடம் இந்தச் சரக்கு ஏராளம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதப் படத்தையே எடுத்துக்கொள்ளலாம். கட்டங்களில் பறவைகள், விலங்குகள், தேவர்கள். பாம்புகளுக்கு அசுரர் பெயர்கள். இந்தியாவின் இவ்வகை ஆட்டம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போனது. நாளடைவில் அங்கே பாம்பும் ஏணியும் எண்களுமே மிஞ்சின. அது பெரிய இழப்பு. பெயருள்ள பாம்பு கடித்தால் பிள்ளை ‘யார் அது?’ என்று கேட்கும். பெயரில்லாத பாம்பு வெறுமனே கீழே இறக்கிவிடும்.

பெயருள்ள அசுரர்கள் கோயில்களிலும் உண்டு. கொழும்பில் பேரே வாவிப் பக்கம் எழுந்துவிட்ட தொடர்மாடிகளுக்கு நடுவே, கொம்பனித்தெருவில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. இதுபோன்ற முருகன் கோயில்களில் கந்தசஷ்டியின் ஆறாம் நாள், அசுரன் சூரனை முருகன் வெல்லும் சூரன்போர். சூரனின் மர உடலில் தலையை மாற்றி மாற்றிப் பொருத்துவார்கள்: யானைமுகம், சிங்கமுகம், சூரன் முகம். பிறகு மாமரம், சேவல், மயில். சுற்றுக்குச் சுற்று உருமாறும் எதிரியைக் கைத்தொலைபேசி விளையாட்டில் சந்திக்கும் பிள்ளைக்கு, அந்த எதிரியின் மூதாதை இங்கே நிற்கிறான்.

புனே நகரின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘ராஜி’ என்ற காணொளி விளையாட்டு, நம் பழைய சரக்கை எடுத்தாளும் வழியில் துணிந்து நடந்தது. அசுரர்கள் கொண்டுபோன தம்பி கோலுவைத் தேடிப் புறப்படும் அக்காவின் கதை. மாளிகைகளும் மதில்களும் பஹாரி ஓவியச் சாயலில். இடைக்கதைகள் நிழற்பாவைக்கூத்து வடிவில்.

சூரன்போரையும் ஒருவர் அப்படி விளையாட்டாக வரையலாம். கொழும்பின் இளம் ஓவியர் எவராவது அதை எடுத்தால், விளையாட்டின் அட்டைக்கு வேல் பாயும் காட்சி வேண்டாம். ஒரு தலை கழற்றப்பட்டு, அடுத்தது இன்னும் பொருத்தப்படாத அந்தக் கணத்தை வரையட்டும்.