டாக்குமென்டேஷன் டீமுக்கு எந்த சாஃப்ட்வேர்? டெமோ பார்க்கும் முன் யோசிக்க வேண்டியவை

‘தொடர்ந்து 5 நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள்.’ ஒரு மிக்ஸி கம்பெனியின் 40 மாடல் கையேடுகளிலும் இந்த வரி இருக்கிறது என்று வையுங்கள். 5 என்பது 3 ஆக மாறினால்? வேர்டு ஃபைலில் எழுதும் டீம் 40 ஃபைலையும் திறந்து திருத்தணும். ஒன்று விட்டுப்போனாலும் மாட்டிக்கொள்வது வாடிக்கையாளர்தான்.

இந்தத் தலைவலிக்கு வந்த மருந்துதான் ‘டீட்டா’. ஐபிஎம் உருவாக்கிய இந்த எக்ஸ்எம்எல் முறை, 2005-ல் ஓயாசிஸ் அமைப்பின் தரநிலையானது. எச்சரிக்கையை ஒரே இடத்தில் எழுதி வைத்தால், எல்லாக் கையேடுகளும் அதையே எடுத்துக்கொள்ளும். பல மொழிகளில் வெளியிடுபவர்களுக்கு இன்னும் லாபம்: மாறிய துண்டை மட்டும் மொழிபெயர்க்கக் கொடுத்தால் போதும். ஆனால் இதற்கான மென்பொருள்கள் விலை அதிகம். பழகவும் நாள் பிடிக்கும்.

சாஃப்ட்வேர் கம்பெனி என்றால் கதை வேறு. அங்கே டெவலப்பர்களும் எழுதுவார்கள். அவர்களை எக்ஸ்எம்எல் பக்கம் இழுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மார்க்டவுனில் எழுதி, கோடு இருக்கும் அதே ‘கிட்’டில் வைப்பதே அவர்களுக்குச் சரி.

டெமோவில் எல்லாமே அழகாகத்தான் தெரியும். உங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான கையேட்டை, டேபிளும் படமும் நிறைந்ததைக் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள். பிறகு அதையே வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். வெறும் பிடிஎஃப் மட்டும் வந்தால், நாளை வேறு மென்பொருளுக்கு மாறும்போது தலைப்பு, இணைப்பு எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து அமைக்க வேண்டியதுதான்.