நார்கண்டா பனியில் இரண்டு நாட்கள்

பனி என்றால் நம் ஊரில் மார்கழிப் பனிதான். 'தலையில் பனி இறங்கிவிடும்' என்று பாட்டி பயமுறுத்த, காதை மப்ளரால் சுற்றிக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். பிழைப்புக்காகச் சண்டிகர் வந்து சேர்ந்த பிறகு, நிஜமான பனி ஐந்தாறு மணி நேரத் தொலைவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் நம் குடும்பங்கள் பனி பார்க்கும் விதம் மாறவில்லை. விடியற்காலையில் காரில் கிளம்புவது, குஃப்ரியில் வாடகைக் கோட்டும் கம்பூட்டும் மாட்டிக்கொள்வது, நாலு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவது, இரவே வீடு திரும்புவது. அது ஒரு கணக்குத் தீர்க்கும் பயணம். பனியில் இரண்டு நாள் சும்மா இருந்து, கொஞ்சம் சறுக்கவும் கற்றுக்கொண்டால் வரும் சுகம் வேறு.

நாங்கள் போவது நார்கண்டாவுக்கு. சிம்லாவிலிருந்து இந்துஸ்தான் - திபெத் சாலையில் குஃப்ரி, ஃபாகு, டியோக், மடியானா தாண்டி 60 கிலோமீட்டர் சொச்சம். உயரம் சுமார் 2,700 மீட்டர். நம் உதகமண்டலத்தை விட 400 மீட்டருக்கு மேல் அதிகம். ஒரு கடைவீதி, சுற்றிலும் தேவதாரு மரங்கள், அதற்கு மேல் ஹாட்டு சிகரம். பார்த்து முடிக்க வேண்டிய இடங்களின் பட்டியல் எதுவும் இல்லாததே இந்த ஊரின் பெரிய வசதி.

மகளும் மருமகனும் குர்காவுனிலிருந்து பேரனோடு வருவார்கள். வெள்ளி இரவு சிம்லாவில் தங்கி, சனி காலை வெயில் ஏறிய பின் நார்கண்டா. முதல் வருடம் பேரனை ஸ்கீ பயிற்சிக்கு அனுப்பிவிட்டு வேடிக்கை பார்க்கத்தான் போனேன். பயிற்சி தந்த உள்ளூர்ப் பையன், "நீங்களும் வாருங்கள் அங்கிள்ஜி" என்று இன்னொரு ஜோடி பூட்ஸை என் முன்னால் வைத்துவிட்டான். அப்போது எனக்கு வயது 62. "எலும்பை எண்ணிப் பார்த்துவிட்டுப் போங்கள், திரும்பி வந்ததும் சரிபார்க்கலாம்" என்றாள் என் மனைவி.

முப்பது வருஷத்துக்கு மேல் தண்டவாளத்தோடு வாழ்ந்தவன் நான். ரயில்வேயில் எங்களுக்கு வழுக்கல் என்பது பரம எதிரி. மழையில் தண்டவாளம் நனைந்து எஞ்சின் சக்கரம் வழுக்கினால், டிரைவர் சக்கரத்தடியில் மணலைத் தூவுவார். அதற்கென்றே எஞ்சினில் மணல் பெட்டி உண்டு. இங்கேயோ பலகையின் அடியில் மெழுகு தேய்த்து வழுக்கலை வளர்க்கிறார்கள்! பலகை ஓடும்போது உராய்வுச் சூட்டில் பனி மிக மெல்லியதாக உருகி, ஒரு நீர்ப்படலம் உண்டாகிறது. பலகை வழுக்குவது பெரும்பாலும் அதன் மேல்தான்.

எவ்வளவு வழுக்கும்? நல்ல பனியில் உராய்வு, உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அதாவது 20 அடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவு இருந்தாலே பலகை தானாக நகரப் பார்க்கும். 1903-ல் திறக்கப்பட்ட கால்கா - சிம்லா ரயில் பாதையின் அதிகபட்ச சரிவே 33 அடிக்கு ஓர் அடிதான். அந்தப் பாதை முழுக்கப் பனி கொட்டி, வாடகைப் பலகையோடு ஒருவரை நிறுத்தினால் அவர் நின்ற இடத்திலேயே நிற்பார். நார்கண்டாவில் குழந்தைகள் பழகும் சரிவு என் கண்மதிப்பில் ஆறுக்கு ஒன்று. கீழேயிருந்து பார்க்க வீட்டு மாடிப்படியை விடச் சாதுவாகத்தான் தெரியும். பலகையைக் கட்டிக்கொண்டு மேலே போய் நின்றால்தான் அதன் குணம் புரியும்.

ஆகையால் முதல் பாடம் ஓடுவதல்ல, நிற்பது. பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை அகல விரித்தால் குடிசைக் கூரை மாதிரி ஒரு வடிவம் வரும். இரண்டு பலகையும் உள்விளிம்பில் பனியைச் சுரண்டிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். 'ஸ்னோ ப்ளோ' என்பது இதன் பெயர். "குட்னே மோடோ, அங்கிள்ஜி, குட்னே மோடோ!" என்று பையன் கத்திக்கொண்டே இருப்பான். முழங்காலை மடக்கு என்கிறான். பயம் வந்தால் மனிதன் பின்னால் சாய்வான். சாய்ந்தால் எடை குதிகாலுக்குப் போகும், பலகை சொன்னபடி கேட்காது. முழங்காலை மடக்கி முன்னால் சாய வேண்டும். பள்ளத்தைப் பார்த்து முன்னால் சாய்வதற்கு வயதானவர்களின் மனம் லேசில் சம்மதிப்பதில்லை. பேரன் அரை மணியில் பிடித்துக்கொண்டான். எனக்கு ஒன்றரை நாள் ஆயிற்று.

இரண்டாவது பாடம் எனக்குச் சுலபமாக இருந்தது, ஏனென்றால் அது எங்கள் தொழில். சரிவு அதிகமாக இருந்தால் நேராக இறங்காதே, குறுக்கே போ. கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 96 கிலோமீட்டர் பாதையில் 900-க்கும் மேற்பட்ட வளைவுகள் போட்டது எதற்கு? தூரத்தைக் கூட்டினால் சரிவு குறையும். ஸ்கீயில் இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி இறங்குவதும் அதே கணக்குதான். எதுவும் கைகூடாவிட்டால் பலகையை மேட்டுப் பக்கம் திருப்பிவிட வேண்டும். மலைப்பாதையில் பிரேக் இழந்து ஓடிவரும் வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்த 'கேட்ச் சைடிங்' என்று ஒரு கிளைப்பாதை போட்டிருப்போம். அதைப் பையனுக்கு விளக்கினேன். இப்போது அவன் மற்றவர்களுக்கும் அதைச் சொல்லித்தான் கற்றுக்கொடுக்கிறான்!

விழாமல் யாரும் கற்பதில்லை. விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் விழுங்கள், கையை ஊன்றாதீர்கள். எழும்போது இரண்டு பலகையும் சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் எழுவதற்குள் பலகை கிளம்பிவிடும். வேகமாக விழுந்தால் பூட்ஸை விட்டுப் பலகை தானே கழன்றுவிட வேண்டும். அந்தப் பிடிப்பை எடைக்குத் தகுந்தபடி திருகி வைக்கச் சொல்லி, முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். முழங்கால் தப்புவது அதில்தான். இருதயக்காரர்களும் மூட்டுவலிக்காரர்களும் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்குதான். நாங்கள் பழகும் சரிவில் ஒவ்வொரு முறையும் பலகையைத் தோளில் போட்டு நடந்தே ஏற வேண்டும்.

எங்கள் சறுக்கல் நேரம் காலை பத்திலிருந்து பன்னிரண்டரை வரைதான். அதற்கு முன் ராத்திரி உறைந்த பனி கண்ணாடி மாதிரி கெட்டியாக இருக்கும். மதியத்துக்கு மேல் ஈரமாவு போலக் குழைந்து காலை வாரும். பிறகு வெயிலில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுபோன புளியோதரை. சாயங்காலம் உள்ளூர்ச் சித்து. கோதுமை மாவைப் புளிக்கவைத்து, உள்ளே பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்து, மேலே நெய்யை ஊற்றித் தருவார்கள். 'நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரன்' என்பது என் மனைவியின் தீர்ப்பு. ஹாட்டு உச்சியில் மரத்தால் கட்டிய ஒரு கோயில் இருக்கிறது. மண்டோதரி கோயில் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். இராவணன் மனைவிக்கு இமயமலையில் கோயில்! பனிக்காலத்தில் அந்தச் சாலை மூடிக்கிடக்கும். பாதி தூரம் நடந்து திரும்புவோம். அந்த மரங்களுக்கிடையே கேட்கும் நிசப்தம் சண்டிகரில் எந்த செக்டரிலும் கிடைக்காது.

இதெல்லாம் பனி இருந்தால். 2024 ஜனவரியில் இமாசலத்தில் மழையும் பனியும் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. மாதக் கடைசியில்தான் வானம் இரங்கியது. இங்கே பனியைக் கொண்டுவருவது நம் பருவமழை அல்ல. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் காற்றுச் சுழல். வானிலை அறிக்கையில் 'வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்' என்று கேட்டிருப்பீர்கள். அது வராவிட்டால் நமக்குப் போவது ஒரு வார இறுதி. பயிற்சி தரும் அந்தப் பையனுக்கு ஒரு வருஷம். அவன் குடும்பத்துக்கு ஸ்கீ கைச்செலவுக்குத்தான், சோறு ஆப்பிளில். பக்கத்துக் கோட்கட்டில் 1916-ல் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் டெலிஷியஸ் கன்றுகளை நட்டார். பின்னால் 1932-ல் இந்து மதத்தைத் தழுவி, சத்யானந்தர் ஆனவர் அவர். இன்று அந்த மலைப்பகுதியே ஆப்பிளில்தான் வாழ்கிறது. டெலிஷியஸ் வகை மரம் ஒழுங்காகப் பூக்க, குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே சுமார் ஆயிரம் மணி நேரமாவது உறங்க வேண்டும். பனி மெதுவாக உருகி வேருக்கு ஈரமும் தர வேண்டும். 

சென்ற முறை சனி இரவு அவன் வீட்டில் கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவன் அப்பா நாலு தடவை எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். ஐப்பசியில் மழைக்காகத் தஞ்சாவூர்க்காரர் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே. எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முடியப் போகலாம். கிளம்பும் முன், தங்கப்போகும் இடத்துக்குத் தொலைபேசியில் கேளுங்கள். பனி மூன்று நாளில் மாறும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. கம்பளி உள்ளாடை, நீர்புகாத கையுறை, கறுப்புக் கண்ணாடி அவசியம். பனியிலிருந்து எதிரடிக்கும் வெயில் தாடைக்கு அடியில்கூடச் சுடும். காலை ஒன்பதுக்கு முன் காரை எடுக்காதீர்கள். நிழலான வளைவுகளில் சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி இருக்கும். ஞாயிறு பலகையைப் பதினொரு மணிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால் வெளிச்சத்திலேயே சிம்லாவைத் தாண்டிவிடலாம். தேங்காய் எண்ணெய் கொண்டுபோகாதீர்கள். பாட்டிலை உடைத்தால்தான் வெளியே வரும்.