மலைநாட்டு மண்ணும் மனையின் அத்திவாரமும்

நீரை உண்டு பருத்து, வெயிலிற் சுருங்கி வெடிக்கும் கருங்களிக்கு முருங்கன் நிலம் தக்க சான்று. அங்கே சுவரைப் பிளப்பது மண்ணின் வீக்கமே. ஆதலின், ஈரம் மாறாத ஆழம்வரை அத்திவாரத்தை இறக்குதல் வேண்டும்.

நுவரெலியா, ஹற்றன் தோட்டங்களின் செம்மண்ணோ வேறு இயல்பினது. பெருமழையிற் சிதைந்த பாறையிலிருந்து தோன்றிய அதன் களியிற் சிறிதே வீங்கும் கயோலினே மிகுதி. அவ்வாறாயின் ஆங்குச் சுவர்கள் வெடிப்பதேன்? சரிவை வெட்டி, அம்மண்ணை முன்புறம் நிரப்பித் தளம் அமைப்பர். வெட்டிய பாதி இறுகி நிற்கும்; நிரப்பிய பாதி தாழும். இரண்டினும் ஊன்றிய சுவர் இடையே பிளக்கும்.

சரிவிற் குவிந்த தளர்மண்ணில் மழைநீர் நிறையின், நிலமே நகரும். 1990களின் தொடக்கத்தில் வட்டவளையில் புகையிரதப் பாதை இவ்வாறு இடம்பெயர்ந்தது. நிலத்தடி நீரை வடித்தே அச்சரிவை நிலைப்படுத்தினர். 2014 ஒக்டோபர் 29இல், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்களே புதையுண்டன. அவ்விடத்தின் அபாயம்பற்றி 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது.

ஆகவே, மலைநாட்டில் மனை கோலுவோர் முதலில் இடத்தை ஆராய்க. மேற்புறத்தே கான் வெட்டி நீரை விலக்குக. அத்திவாரத்தை வெட்டிய கெட்டி நிலத்தில் ஊன்றுக. ஆயின், லயனுக்கு இடம் குறித்தோர் அதில் வாழ்ந்தோர் அல்லர். தொழிலாளர்க்குப் பாதுகாப்பான நிலம் வழங்குதலே அவர்தம் மனைக்கு முதற் கல்லாகும்.