சுண்டுவிரல் நகத்தில் ஒரு சித்திரம்

இன்ஸ்டாகிராமில் போடும் ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். மறையக் கூடாதவற்றைச் சேர்த்து வைக்க 2017 டிசம்பரில் ‘ஹைலைட்ஸ்’ என்ற வசதி வந்தது. ஒருவருடைய பக்கத்தைத் திறந்ததும் அறிமுக வரிகளுக்குக் கீழே வரிசையாக நிற்கிற வட்டங்கள் அவைதாம். வட்டத்துக்குள் தெரியும் படத்துக்குக் ‘கவர்’ என்று பெயர். நாம் எதுவும் செய்யாமல் விட்டால் ஸ்டோரியில் இருந்த ஏதோ ஒரு படம் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்: பாதி முகம், வெட்டுப்பட்ட எழுத்து, என்னவென்று புரியாத ஒரு மங்கல். வீட்டிலிருந்தே வியாபாரம் செய்கிறவர்களுக்கு அந்த வட்டங்கள்தாம் கடை வாசல். ஆனால் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அந்த இடத்துக்குள் ஒரு பொருளை அடையாளம் தெரியும்படி காட்டுவது தனிக் கைவேலை.

கணினித் திரையில் அந்தக் கைவேலைக்கு இலக்கணம் வகுத்தவர்களில் முதன்மையானவர் சூசன் கேர். நுண்கலை படித்தவர், கணினியில் வரைந்து பழக்கமில்லாதவர். பள்ளித் தோழர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் அழைத்ததால் 1983இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் குழுவில் சேர்ந்தார். கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கி அதில் வரையத் தொடங்கினார். நீளவாக்கில் 32, அகலவாக்கில் 32, மொத்தம் 1,024 கட்டங்கள். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. நடுவே சாம்பல் நிறம்கூடக் கிடையாது. இழை எண்ணித் தையல் போட்டதும் மொசைக் செய்ததும் தமக்குக் கைகொடுத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். 1984 ஜனவரியில் மெக்கின்டாஷ் வெளிவந்தபோது சிரிக்கும் கணினியும், காத்திருக்கச் சொல்லும் கைக்கடிகாரமும், கோளாறைச் சொல்லும் வெடிகுண்டும் அதில் இருந்தன.

அவர் செய்த ஒரு தேர்வு எனக்கு மிகவும் பிடிக்கும். மெனுவில் ஒவ்வொரு கட்டளைக்குப் பக்கத்திலும் ஆப்பிள் சின்னத்தையே போட்டிருந்தார்கள். நம் சின்னத்தை இப்படி இறைக்கக் கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் மறுத்துவிட்டார். மாற்றுக் குறி தேடிய கேர், குறியீடுகளின் அகராதி ஒன்றைப் புரட்டி, நான்கு மூலையிலும் சுழி வைத்த ஒரு சதுரத்தைக் கண்டெடுத்தார். ஸ்வீடனில் பார்க்க வேண்டிய இடங்களைக் காட்டும் சாலைக் குறி அது. இன்றும் ஆப்பிள் விசைப்பலகையில் இருக்கிறது. சிக்குக் கோலம் போடும் கைக்கு நன்றாகப் பழகிய வடிவம்தான். ஐகான் என்பது ஓவியத்தைப் போல அல்ல, சாலைக் குறியைப் போல இருக்க வேண்டும் என்பது கேரின் கொள்கை.

நமக்கு இது புதிய பாடம் அல்ல. 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். அந்த மக்கள் 1951-52இல் முதல் பொதுத் தேர்தலில் வாக்களிக்கச் சின்னங்கள்தாம் துணை நின்றன. உதயசூரியனையோ இரட்டை இலையையோ சுண்ணாம்பு அடித்த சுவரில் யார் வேண்டுமானாலும் நினைவிலிருந்து வரைந்துவிடலாம். ஒருமுறை பார்த்தவர் திரும்ப வரைய முடிகிறதா என்பதைவிடக் கடுமையான சோதனை ஒரு சின்னத்துக்கு இல்லை.

மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒருவருக்குக் கவர் வரைவதாக வைத்துக்கொள்வோம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று மூன்று வட்டங்கள் வேண்டும். முதலில் தோன்றுவது எண்ணெய்த் துளி. மூன்றுக்கும் துளியே போட்டால் மூன்றும் ஒன்றுதான். நிறத்தை மாற்றலாம் என்றால், மூன்று எண்ணெயும் மஞ்சளுக்கும் வெண்மைக்கும் இடையில் நெருங்கித்தான் நிற்கின்றன. ஆகவே வித்துக்குப் போக வேண்டும். நடுவில் இடுங்கிய கடலைக் காயை இரண்டு வளைவுகளில் வரைந்துவிடலாம். உடைத்த தேங்காய் மூடிக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம் போதாது, தட்டு என்று நினைப்பார்கள். ஓட்டுக்கு மேல் நாலு நார் நீட்டினால் தேங்காய் ஆகிவிடும். எள்தான் சிக்கல். பெரிதாக்கினால் மறுபடியும் துளி. ஒற்றை எள்ளை விட்டு, சாய்த்துச் சிதறிய ஐந்தாறு விதைகளாகப் போட்டால் கண் ஏற்றுக்கொள்கிறது.

கோட்டின் தடிமன் எல்லா வட்டத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்து இடத்திலிருந்து பதிவிறக்கிய ஐகான்களைச் சேர்த்தால் குடும்பச் சாயல் போய்விடும்; வரைந்தவரின் அனுமதி விவரத்தையும் படிக்காமல் எடுக்கக் கூடாது. அளவுகோலைவிடக் கண்ணை நம்புங்கள். ஒரே அளவில் வரைந்த சதுரமும் வட்டமும் பக்கத்தில் நின்றால் வட்டம் சிறிதாகத் தெரியும். அதைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். வீடியோவுக்குப் போடும் முக்கோணத்தைச் சரியாக நடுவில் வைத்தால் இடப்பக்கம் ஒதுங்கியதுபோல் இருக்கும். சற்றே வலப்பக்கம் தள்ளினால்தான் நடுவில் நிற்கும்.

வெளிர்நிறத் தரையில் மெல்லிய தங்கக் கோடு இப்போது எங்கும் பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெயிலில் நின்று ஃபோன் பார்க்கிறவருக்கு அது வெற்று வட்டம். ஐகானுக்கும் பின்புலத்துக்கும் குறைந்தது 3:1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல் நெறிமுறைகள் சொல்கின்றன. பலர் டார்க் மோடு வைத்திருப்பதால், வெள்ளைத் திரையிலும் கறுப்புத் திரையிலும் பார்த்துவிடுங்கள்.

வரைவதற்குக் கேன்வா, இங்க்ஸ்கேப் போன்றவை போதும். 1080 × 1920 பிக்சல் அளவில் படத்தை அமைத்து, ஐகானை நட்டநடுவில் அகலத்தில் பாதிக்குள் வையுங்கள். வட்டம் நடுப்பகுதியை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். ஹைலைட்டை அழுத்திப் பிடித்தால் திருத்தும் வழி வரும். அங்கே கவரை கேலரியிலிருந்து நேராக மாற்றலாம். ஸ்டோரியாகப் போட வேண்டியதில்லை. வட்டத்துக்குள் எழுத்து வேண்டாம். பெயர் எழுத வட்டத்துக்குக் கீழே இடம் இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும், கீழே உள்ள பெயரை மறைத்து, ஃபோனைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் இது என்ன என்று கேளுங்கள். அவர் தயங்கினால் பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள். திரும்ப வரையுங்கள்.