குளம்பு போனால் குதிரையே போச்சு!

2006-ம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்டக்கி டெர்பி பந்தயத்தில் மற்ற குதிரைகளை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளி ஜெயித்தது பார்பரோ. இரண்டே வாரத்தில், அடுத்த பந்தயத்தில் அதன் வலது பின்னங்கால் எலும்பு நொறுங்கியது. உலோகத் தகடும் 27 ஸ்க்ரூக்களும் வைத்து டாக்டர்கள் எலும்பைச் சேர்த்தார்கள். அது மெல்லக் கூடியும் வந்தது. ஆனாலும் 2007 ஜனவரி 29 அன்று பார்பரோவைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாகிவிட்டது.

எலும்பைக் காப்பாற்றியும் குதிரையை ஏன் காப்பாற்ற முடியவில்லை? அடிபட்ட காலுக்குப் பதிலாக அதன் பாரத்தையும் சுமந்த இடது பின்னங்காலின் குளம்பு கெட்டுப்போனது. பிறகு முன்னங்கால் குளம்புகளிலும் அதே நோய். நிற்க ஒரு கால்கூட மிச்சமில்லை.

நகம்தான்... ஆனால் நகம் மட்டுமல்ல!

குதிரையின் குளம்பு, நம் விரல் நகம் போலவே கெரட்டின் என்ற பொருளால் ஆனது. வெட்டினால் வலிக்காது. ஆனால், அந்த ஓட்டுக்குள் ஓர் எலும்பு இருக்கிறது. குளம்பின் உட்சுவரோடு அதைப் பிடித்துவைத்திருப்பது, புத்தகத் தாள்கள்போல அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய திசுக்கள். குதிரையின் மொத்த எடையும் இந்தப் பிடிப்பில்தான் தொங்குகிறது.

இந்தத் திசுக்கள் பாதிக்கப்படுவதைத்தான் ‘லேமினைட்டிஸ்’ என்கிறார்கள். பார்பரோவுக்கு வந்தது இதுதான். பிடிப்பு விட்டதும் எலும்பு கீழ்நோக்கித் திரும்பி, உள்ளங்காலை அழுத்தத் தொடங்கும். ஒரே காலில் நெடுநாள் பாரம் தாங்குவதால் மட்டும் இது வருவதில்லை. தீவன மூட்டை அவிழ்ந்து கிடந்து, குதிரை ஒரே நாளில் தானியத்தை அளவுமீறித் தின்றாலும் வரலாம்.

சீவுவதுதான் முதல் வைத்தியம்

‘குளம்பில் கோளாறா? ஸ்பெஷல் லாடம் அடித்தால் சரியாகிவிடும்’ என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், லாடம் இரண்டாவது வேலை. முதல் வேலை, குளம்பைச் சரியான அளவில் சீவுவது.

குளம்பு மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். பெரும்பாலான குதிரைகளுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை சீவ வேண்டும். விட்டுவிட்டால் முன்பக்கம் நீண்டு, குதிகால் பக்கம் தாழ்ந்துபோகும். அளவில்லாத நீளச் செருப்பைப் போட்டு நடப்பதுபோலத்தான் இது. ஒவ்வோர் அடியிலும் காலின் பின்புறத் தசைநாண் கூடுதலாக இழுபடும். குளம்பில் வெடிப்பும் விழும்.

லாடக்காரர் நீண்ட முன்பக்கத்தை அரத்தால் தேய்த்துக் குறைப்பார். குதிகாலுக்குத் தாங்கல் தேவைப்பட்டால், பின்பக்கம் திறந்திருக்கும் வழக்கமான லாடத்துக்குப் பதிலாக, இரு முனைகளையும் இணைத்த லாடத்தைப் பொருத்துவார். லேமினைட்டிஸ் வந்த சில குதிரைகளுக்கு இதய வடிவ லாடமும் உண்டு. குளம்பின் அடியில் ரப்பர்போல இருக்கும் முக்கோணப் பகுதி, பாரத்தில் ஒரு பங்கை ஏற்க இது உதவும்.

எவ்வளவு சீவலாம் என்பதை எக்ஸ்-ரே சொல்லும். உள்ளே எலும்பு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் சீவினால், வைத்தியமே காயமாகிவிடும். அதனால்தான் கால்நடை மருத்துவரும் லாடக்காரரும் சேர்ந்தே இதைச் செய்ய வேண்டும்.

அவசரம் ஆகாது!

குளம்பின் முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை புதிதாக வளர்ந்து இறங்க 9 முதல் 12 மாதங்கள் ஆகும். ஆக, கெட்ட குளம்பை நல்ல குளம்பாக்குவது ஏறக்குறைய ஒரு வருட வேலை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருத்த முடியும்.

இன்னொன்று, வளர்ந்த குதிரையின் கோணல் காலை லாடம் அடித்து நேராக்க முயலக் கூடாது. எலும்பு வளர்ச்சி முடிந்த பிறகு குளம்பை வலிந்து திருப்பினால், மூட்டுகள்தான் தேயும். கால் கோணலாக இருந்தாலும், அது வலியில்லாமல் நடக்க உதவுவதே நல்ல வேலை.

குதிரை வைத்திருப்பவர்கள் கவனிக்க...

* தினமும் காலைத் தூக்கி, அடியில் சிக்கிய கல்லையும் சாணத்தையும் எடுத்துவிடுங்கள்.

* கறுப்பாகக் கசிந்து துர்நாற்றம் அடித்தால், அது அழுகல். ஈரமான, அசுத்தமான தரைதான் பெரும்பாலும் காரணம்.

* குளம்பு வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதா? முன்னங்கால்களை முன்னே நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து நிற்கிறதா? லேமினைட்டிஸாக இருக்கலாம். அதை நடக்க வைக்காமல், மெத்தென்ற தரையில் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். ஆரம்ப மணி நேரங்களில் குளம்புகளை ஐஸ் தண்ணீரில் வைத்துக் குளிர்விப்பது நல்ல பலன் தரும்.

ஏறும் முன் ஒரு நிமிடம்

மெரினாவிலோ, ஊட்டியிலோ, கொடைக்கானல் ஏரிக்கரையிலோ உங்கள் குழந்தை குதிரை சவாரி கேட்கும்போது, முதலில் அதன் கால்களைப் பாருங்கள். குளம்பு முன்னால் நீண்டு வளைந்திருக்கிறதா, லாடம் ஆடுகிறதா என்று கவனியுங்கள். குதிரை வரும்போது தலையையும் பாருங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும் ஒவ்வொரு முறையும் தலையை மேலே தூக்கும்.

அப்படித் தூக்கினால் ஏற வேண்டாம். உரிமையாளரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அவருடைய பிழைப்பும் அந்த நான்கு குளம்புகளில்தான் நிற்கிறது. வலிக்கிறது என்று குதிரையால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. தலையை ஆட்டித்தான் சொல்லும்!